நம்பாடுவான் திரும்பி வந்த வழி

எம்பெருமானுடைய திருவிழாவைச் சேவிக்க நெடுந்தூரம் நடந்தும் ஊர்தியேறியும் வந்திருக்கும் அன்பர்களே! உங்களுடன் வரிசையில் நின்ற ஒரு நாள், அடியேனுக்கு முன்னால் நின்ற முதியவர் ஒருவர் தம் மனைவியாரிடம் மெல்லிய குரலில் ஒரு வார்த்தை சொன்னார். "நாம் ஒருத்தர் சொத்துக்கும் ஆசைப்படவில்லை, என்ன சுகத்தைக் கண்டோம்?" என்பதே அவ்வார்த்தை. அம்மையார் மறுமொழி கூறவில்லை. வரிசை நகர்ந்தது; அவர்களும் நகர்ந்தார்கள். சந்நிதியில் தீபாராதனை ஆயிற்று. அக்கேள்வி மாத்திரம் அடியேனோடு வெளியே வந்தது. இன்று வரையில் உடன் இருக்கிறது.

ஒழுக்கமாய் வாழ்ந்தால் இன்பம் உண்டு என்று குழந்தைப் பருவம் முதல் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். உலகத்தைப் பார்த்தாலோ, பொய்யன் மாடி வீடு கட்டுகிறான். மெய்யன் வாடகை வீட்டில் ஒழுகும் கூரைக்குக் கீழே பாத்திரம் வைக்கிறான். அடுத்த பிறவியில் கணக்குத் தீரும் என்று சொல்லி இதனைக் கடந்து விடலாம். பெரியோர் அவ்வாறு சொல்வதும் உண்டு. ஆயினும் அந்த முதியவர் கேட்டது இப்பிறவியைப் பற்றி. ஆகவே இப்பிறவியிலேயே அதற்கு விடை உண்டா என்று பார்ப்பதுதான் முறை.

கார்த்திகை மாதத்து வளர்பிறை ஏகாதசியைக் கைசிக ஏகாதசி என்று கொண்டாடுகிறோம். அன்று இரவு ஸ்ரீரங்கம் முதலான திவ்ய தேசங்களில் எம்பெருமான் திருமுன்பே கைசிக மாஹாத்மியம் வாசிக்கப்படுகிறது. வராக புராணத்தில், வராகப் பெருமான் பூமிப் பிராட்டிக்கு எடுத்துரைத்ததாக அமைந்த பகுதி அது. அதற்கு ஸ்ரீ பராசர பட்டர் வியாக்கியானம் அருளியிருக்கிறார். திருநெல்வேலிச் சீமையில், மகேந்திரகிரி மலையின் சாரலை ஒட்டி அமைந்த திருக்குறுங்குடியில் நடந்ததாக இக்கதையை நம் பெரியோர் வழங்குவர். அங்கே இதனை நாடகமாகவே நடிக்கும் வழக்கம் உண்டு. இடையில் நலிந்திருந்த அந்நாடகம் 1999-ஆம் ஆண்டில் மீண்டும் புத்துயிர் பெற்றது. கதையை நீங்கள் அறிவீர்கள். எனினும் அறிந்த கதையையே சற்று நின்று நோக்கினால் அறியாத இடங்கள் சில அகப்படும்.

சமூகம் தாழ்த்தி வைத்த குலத்தில் பிறந்தவன் நம்பாடுவான். கோயிலுக்குள் புக அவனுக்கு உரிமை இல்லை. இரவின் பிற்பகுதியில் எழுந்து, வீணையைத் தோளில் இட்டு, மலையடிவாரத்துக் காட்டு வழியே வந்து, வாயிலுக்கு வெளியே நின்று பெருமானைப் பாடிவிட்டுத் திரும்புவது அவன் நோன்பு. இந்நோன்பு பல்லாண்டுகள் தடையின்றி நடந்தது. அந்த ஏகாதசி இரவில், பசியால் மெலிந்த பிரம்மராக்ஷஸன் ஒருவன் அவனை வழிமறித்துப் பிடித்துக் கொண்டான். "உன்னைத் தின்னப் போகிறேன்" என்றான். நம்பாடுவான் உயிருக்கு மன்றாடவில்லை. "தின்றுகொள், ஆனால் என் நோன்பை முடித்து வர அனுமதி கொடு, பாடிவிட்டுத் திரும்பி வருகிறேன்" என்றான். ராக்ஷஸன் நகைத்தான். கையில் சிக்கிய இரை திரும்பி வருவேன் என்று சொல்வதை எந்த வேடன் நம்புவான்?

அப்பொழுது நம்பாடுவான் சபதங்களை அடுக்கத் தொடங்குகிறான். மொத்தம் 18 சபதங்கள். "நான் திரும்பி வராவிட்டால் இன்ன பாவம் செய்தவன் புகும் கதியில் புகுவேனாக" என்பது ஒவ்வொன்றின் வடிவமும். கடைசிச் சபதம், எல்லாம் வல்ல நாராயணனைப் பிற தெய்வங்களோடு ஒப்பாக வைத்து எண்ணும் பாவத்தைச் சொல்வது. அதனைக் கேட்ட பின்பே ராக்ஷஸன் நடுங்கி அவனை விடுவித்தான் என்பதால் உபந்நியாசகர்கள் அவ்விடத்தையே விரித்துரைப்பர். அது தக்கதே. அடியேன் இங்கே நினைவூட்ட விரும்புவது அதற்கு முன் வரும் சிறிய பாவங்களை. ஒரே பந்தியில் இருப்பவர்களுக்குள் வேற்றுமை காட்டி, ஒருவனுக்கு ஒரு சோறும் மற்றவனுக்கு வேறு சோறும் இடுகிறவனுடைய பாவம். பூமியைத் தானம் செய்துவிட்டுத் திரும்பப் பறித்துக் கொள்கிறவனுடைய பாவம். தாகத்தோடு நீர்த்துறைக்கு வரும் பசுக்களைக் குடிக்க விடாமல் விரட்டுகிறவனுடைய பாவம். ஒருவன் வீட்டுச் சோற்றை உண்டு எழுந்து அவனையே தூற்றுகிறவனுடைய பாவம். காட்டில் நள்ளிரவில் ராக்ஷஸன் கையில் சிக்கியவனுடைய வாயிலிருந்து வருகின்றன இவை! இவற்றுள் எதுவும் அரசர்க்கும் வீரர்க்கும் உரிய பெருங்குற்றமன்று. அடுக்களையிலும் வயற்காட்டிலும் குளக்கரையிலும் நாள்தோறும் நேரக்கூடிய குற்றங்கள். உயிரைப் பணயம் வைக்கும் நேரத்தில் ஒருவன் இத்தகைய சிறு குற்றங்களின் பேரால் ஆணையிடுகிறான் என்றால், அவன் தன் அன்றாட வாழ்வில் அவற்றுக்கு எவ்வளவு அஞ்சி நடந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பெரிய சோதனையில் வாக்குத் தவறாதவன், சிறிய பந்தியில் பரிமாறும்போதே தயாராகிவிட்டான்.

விடுபட்டவன் பாடினான். பாடி முடித்துத் திரும்பும் வழியில், வரும்போது நடந்ததைவிட விரைவாக நடந்தான். எதிரே ஒரு முதியவர் தோன்றி, "ஏனப்பா இவ்வளவு வேகம்?" என்று கேட்டார். வேறு யாரும் அல்லர். பெருமானே அவ்வடிவில் வந்தார். நம்பாடுவான் நடந்ததைச் சொன்னான். "உயிரைக் காத்துக்கொள்ளப் பொய் சொல்லலாம் என்று தரும நூல்கள் இடங்கொடுக்கின்றனவே, வேறு வழியாய்ப் போய்விடு" என்றார் முதியவர்.

இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. தரும சாத்திரங்களில் அத்தகைய விதிவிலக்கு உண்மையிலேயே இருக்கிறது. பிறருக்குத் தீங்கில்லாத நன்மை விளையுமிடத்துப் பொய்யையும் வாய்மையின் கணக்கில் சேர்க்கலாம் என்று திருவள்ளுவரும் இடம் வைத்திருக்கிறார். ஒரு பசுவையோ, ஒரு குழந்தையையோ காக்க நம்பாடுவான் பொய் சொல்லியிருந்தால் அவனை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அடியேனும் சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே விதிவிலக்கு அவனுக்கே பயன்படுவதாய் இருந்தது. நமக்குப் பயன்படும் விதிவிலக்கை நாமே வழக்காடி, நாமே நீதிபதியாக அமர்ந்து தீர்ப்பளித்துக் கொள்ளும்போது தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்பது எல்லோருக்கும் தெரியும். நம்பாடுவான் அந்த நீதிமன்றத்தைக் கூட்டவே மறுத்துவிட்டான்.

அவன் வேறு வழியாய்ப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சிந்திப்போம். உயிர் பிழைத்திருப்பான். மறுநாள் இரவு பாட வேண்டுமே! அந்தக் காட்டு வழியே வர முடியாது. சுற்று வழி தேட வேண்டும். சுற்று வழியிலும் ஒவ்வொரு சருகின் ஓசைக்கும் திரும்பிப் பார்க்க வேண்டும். வாயிலில் நின்று வாயைத் திறந்தால், அங்கே பாடுகிறவன் தன் பாட்டைக் காட்டியே பொய் வாக்குக் கொடுத்தவன் என்பது அவனுக்குத் தெரியும். உயிர் எஞ்சியிருக்கும், பாட்டு எஞ்சியிருக்காது. அவனுடைய இன்பமெல்லாம் அந்தப் பாட்டில் இருந்தது. ஆகவே அவன் இன்பத்தைத் துறந்து சத்தியத்தைக் காத்தான் என்று நாம் சொல்வது பிழை. இன்பம் இருந்த இடத்தைத்தான் அவன் காத்துக்கொண்டான்.

ஏறக்குறைய 2400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டில் வாழ்ந்த பிளேட்டோ என்னும் பேரறிஞர், 'குடியரசு' எனத் தமிழில் வழங்கும் தம் நூலில் ஒரு மோதிரக் கதையைச் சொல்கிறார். அணிந்தவன் பிறர் கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்துவிடும் மோதிரம் அது. அத்தகைய மோதிரம் கிடைத்தால் எவனாவது நேர்மையாய் நடப்பானா, அன்றி நேர்மை என்பதே அகப்பட்டுக்கொள்ளும் அச்சத்தின் மறுபெயர்தானா என்பது அங்கே எழும் கேள்வி. நம்மவர் இதற்கு உடனே ஒரு விடை வைத்திருக்கிறோம்: அந்தர்யாமியாய் உள்ளே எழுந்தருளியிருக்கிற பெருமானுடைய கண்ணை எந்த மோதிரமும் மறைக்காது என்போம். விடை உண்மையே. ஆயினும் அதைச் சொல்லும் முறையில் ஓர் இடர் உண்டு. காவலரின் கண்ணுக்கு அஞ்சித் திருடாதிருப்பதற்கும், கடவுளின் கண்ணுக்கு அஞ்சித் திருடாதிருப்பதற்கும் வேறுபாடு காவலரின் அளவில்தான் இருக்கிறது. திருடாதவனின் உள்ளத்தில் இல்லை. அஞ்சி நல்லவனாயிருப்பவன் இன்பமாய் இருப்பது எப்படி? நம்பாடுவானோ தண்டனைக்கு அஞ்சித் திரும்பவில்லை. தண்டனையை நோக்கித்தான் நடந்தான்!

இனி, பிறர் கதையையே சொல்லிக்கொண்டிருப்பது நேர்மையாகாது. அடியேன் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, அதாவது 1976-இல், இரண்டு கிராமங்களுக்குச் சென்று பதிவேடுகளைச் சரிபார்த்து வருமாறு பணித்தார்கள். முதற் கிராமத்துக்குத் தெரிந்தவர் ஒருவருடைய மாட்டு வண்டியில் போனேன். அந்நாளில் கர்ணம் பதவி இருந்தது; 1980-இல்தான் அது ஒழிக்கப்பட்டது. இரண்டாம் கிராமத்துக் கர்ணம் தம் பதிவேடுகளை முதற் கிராமத்துக்கே எடுத்து வந்துவிட்டார். வேலை ஒரு பகலில் முடிந்தது. திரும்பி வந்து பயணப்படிப் பட்டியல் எழுதும்போது, மூத்த எழுத்தர் ஒருவர் சொல்லிக் கொடுத்தபடி, இரு கிராமங்களுக்கும் பேருந்துக் கட்டணமும் இரண்டு நாள் தினப்படியும் எழுதினேன். கூடுதலாய்க் கையில் வந்தது 11 ரூபாய் 40 காசு. எல்லோரும் செய்வதுதான். அந்தப் பணத்தில் வீட்டுக்கு ஒரு பித்தளைக் குத்துவிளக்கு வாங்கினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. மோதிரம் நன்றாகவே வேலை செய்தது. ஆயினும் ஆண்டுதோறும் தணிக்கைக் குழுவினர் வந்து அமரும் வாரத்தில் அடியேனுக்குச் சோறு இறங்காது. அவர்கள் என் பட்டியலை எடுக்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே மற்ற வேலைகளைச் செய்வேன். அந்தக் கர்ணத்தைத் தெருவில் கண்டால் வேறு சந்தில் திரும்புவேன். அவருக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது, இருந்தும் திரும்புவேன். மாலையில் விளக்கேற்றும்போது, இதோ இது அந்த விளக்கு என்று ஒரு நினைப்பு வரும். மூன்று ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. 11 ரூபாய் 40 காசுக்கு இது அதிக விலை.

கடைசியில் ஒரு நாள் அதிகாரியின் அறைக்குச் சென்று உள்ளதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏனய்யா, இதற்காகவா இப்படி வியர்த்துக் கொட்டுகிறீர்? கட்ட வேண்டும் என்று தோன்றினால் சலான் போட்டுக் கட்டிவிட்டுப் போமே" என்றார். சலான் எழுதிக் கட்டிவிட்டேன். அன்றிரவு நல்ல உறக்கம் வந்தது. இவ்வளவோடு நிறுத்திவிட்டால் நேர்மை இன்பம் தரும் என்பதற்கு இது ஓர் அழகிய உதாரணமாய் அமைந்துவிடும். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை.

சலான் செய்தி அலுவலகத்தில் பரவிற்று. நான் கட்டியது என் பணம் மட்டுமே. ஆயினும் அது மற்றவர்களுடைய பட்டியல்களையெல்லாம் சுட்டிக்காட்டுவது போல் ஆயிற்று. நடுப்பகலில் ஒன்றாய் அமர்ந்து உண்ணும் வழக்கம் இருந்தது. மறு வாரம் முதல், நான் போய் அமர்ந்தால் பேச்சு நின்றுவிடும். ஒரு மாதத்தில் தனியே உண்ணத் தொடங்கினேன். அது பல ஆண்டுகள் நீடித்தது. வருவாய் உள்ள இருக்கைகளுக்கு என்னை மாற்றவில்லை. பழைய கோப்பு அறையே என் இருப்பிடம் ஆயிற்று. என் மனைவி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆயினும் அண்டை வீட்டில் புதுப் பொருள் ஒன்று வந்து இறங்கும் நாளில் வீட்டில் பேச்சுக் குறைவாய் இருக்கும். ஆகவே வரிசையில் அந்த முதியவர் கேட்ட கேள்வி எனக்குப் புதிதன்று. நானும் அதனைக் கேட்டவன்தான்.

அதற்கு விடை தேடும்போது ஸ்ரீபாஷ்யத்தில் ஓரிடம் கைகொடுத்தது. எம்பெருமானார் பக்திக்கு அங்கமாக ஏழு சாதனங்களை எடுத்துரைக்கிறார். பழைய வாக்கியகாரர் வகுத்த வரிசை அது: விவேகம், விமோகம், அப்பியாசம், கிரியை, கல்யாணம், அநவசாதம், அநுத்தர்ஷம். இவற்றுள் கல்யாணம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நமக்குத் திருமணம் நினைவுக்கு வரும். இங்கே அதற்குப் பொருள் ஆறு நற்பண்புகள்: சத்தியம், ஆர்ஜவம், தயை, தானம், அஹிம்சை, அநபித்யை. ஆர்ஜவமாவது நேர்மை, மனமும் வாக்கும் உடலும் ஒரே கோட்டில் நிற்பது. அநபித்யையாவது பிறர் பொருளை நமதென எண்ணாமையும், பிறர் நமக்குச் செய்த தீங்கையே நினைத்து நினைத்து வேகாமையும் ஆகும்.

இதற்கு அடுத்தபடியாக வருவதைப் பாருங்கள். அநவசாதம் என்றால் சோர்வின்மை. காலமும் இடமும் வாய்க்காமையாலும், துயரம் தந்தவற்றை மீண்டும் மீண்டும் நினைப்பதாலும் மனம் ஒளி மழுங்கிக் கிடப்பதே அவசாதம். அது இல்லாமையே அநவசாதம் என்கிறார்கள். மனத்துக்கு இயல்பிலேயே ஓர் ஒளி உண்டு, அது மழுங்கக் கூடாது என்பதே நம் ஆசாரியர்களுடைய எண்ணம். மகிழ்ச்சியை அவர்கள் எங்கிருந்தோ ஈட்டிக்கொண்டு வரச் சொல்லவில்லை. இருப்பது மங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பொய்ப் பட்டியல் எழுதியவனுக்குத் தணிக்கை வாரத்தில் மங்கியது இந்த ஒளிதான். இனி கடைசிப் படியைக் காண்போம். அநுத்தர்ஷம் என்றால் மகிழ்ச்சிப் பெருக்கால் தலை கொழுக்காமை. சோர்வும் கூடாது, களிப்பின் மமதையும் கூடாது என்று இரண்டையும் சேர்த்தே விலக்கியிருக்கிறார்கள். ஆறு நற்பண்புகளைச் சொன்ன கையோடு இவ்விரண்டு எச்சரிக்கைகளையும் வைத்ததன் காரணம் எனக்குப் புரிய நெடுநாள் ஆயிற்று.

கோப்பு அறையில் தனியே உண்ட ஆண்டுகளில் என் உள்ளம் எப்படி இருந்தது? அகப்பட்டுக்கொள்ளும் அச்சம் நீங்கியது உண்மை. ஆனால் அதன் இடத்தில் இன்னொன்று வந்து அமர்ந்துகொண்டது. 'இவர்களெல்லாம் திருடர்கள், நான் ஒருவனே சுத்தன்' என்னும் எண்ணம் அது. சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதே அந்த எண்ணத்தையும் பிரித்து வைத்துக்கொண்டு உண்பேன். பந்தியில் வேற்றுமை காட்டுகிறவனுடைய பாவத்தை நம்பாடுவான் சொன்னானே, அதே பாவத்தை வேறொரு வகையில் செய்துகொண்டிருந்தேன். என் இன்பத்தைக் கெடுத்தது நேர்மை என்று நான் கணக்கெழுதி வைத்திருந்தேன். கெடுத்தது நேர்மையைப் பற்றிய செருக்கு. தோழர்கள் விலகினது ஒரு பாதி என்றால், நான் அவர்களைத் திரும்ப அழைக்காமல் இருந்தது மறு பாதி.

ஆழ்வானுடைய வாழ்க்கையை இங்கே நினைவுகூர வேண்டும். கூரத்தாழ்வான் பெருஞ்செல்வர். அனைத்தையும் துறந்து எம்பெருமானாரை அடையத் திருவரங்கம் நோக்கித் தேவிமாருடன் இரவில் காட்டு வழியே நடந்தபோது, "வழியில் பயம் ஏதும் உண்டோ?" என்று ஆண்டாள் அம்மையார் கேட்டார். கையில் ஏதேனும் இருந்தால்தான் பயம் என்றார் ஆழ்வான். அவர் அமுது செய்வதற்கென்று ஒரு பொன் வட்டிலை மட்டும் மடியில் வைத்திருப்பதாக அம்மையார் சொன்னார். ஆழ்வான் அதனை வாங்கிக் காட்டில் எறிந்துவிட்டு நடந்தார். இக்கதையை எல்லோரும் சொல்வார்கள். பொன்னை எறிவது பெரிதுதான். ஆயினும் அதனினும் அரிய ஒன்றை ஆழ்வான் பிற்காலத்தில் எறிந்தார்.

சோழ மன்னனுடைய அவையில், எம்பெருமானாருக்குப் பதிலாய்த் தாமே சென்று நின்று, மனச்சாட்சிக்கு மாறாய்க் கையெழுத்திட மறுத்துக் கண்களை இழந்தவர் அவர். உடன் சென்ற பெரிய நம்பிகள் திரும்பும் வழியிலேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார். கண்ணிழந்த நிலையில் திருவரங்கம் வந்து பெருமாளைச் சேவிக்கப் புகுந்தபோது, எம்பெருமானாரைச் சேர்ந்தவர்களை உள்ளே விடலாகாது என்று வாயிலில் தடுத்தார்கள். அங்கிருந்த வேறொருவர், "இவர் எல்லோருக்கும் நல்லவர், குணவான், இவரை விடலாம்" என்றார். நாமாயிருந்தால் மனம் குளிர்ந்திருப்போம். நம் நற்குணம் அறியப்பட்டதல்லவா! ஆழ்வானோ, ஆசாரிய சம்பந்தத்தைக் கழித்துவிட்டு என் குணத்தைக் கொண்டு எனக்கு வரும் பேறு வேண்டாம் என்று வாயிலிலேயே திரும்பினார். திருமாலிருஞ்சோலைக்குச் சென்று வாழ்ந்தார். நற்குணத்தையே ஒரு பொன் வட்டிலாய் மடியில் வைத்துக்கொண்டால் அதற்கும் கள்வர் பயம் உண்டு. அதனால்தான் அதையும் எறிந்துவிட்டார் போலும். கோப்பு அறையில் நான் மடியில் கட்டி வைத்திருந்தது அந்த வட்டில்தான்.

பின்னர் எம்பெருமானாருடைய கட்டளைப்படி காஞ்சியில் பேரருளாளன் திருமுன்பே நின்று வேண்டியபோது, தமக்குக் கண் கேட்காமல், தம்மைக் காட்டிக் கொடுத்த நாலூரானுக்குத் தாம் பெறும் பேறு கிட்ட வேண்டும் என்று வேண்டினார். அநபித்யைக்கு இதனினும் தெளிவான உரை எழுத எந்தப் பண்டிதராலும் இயலாது. தீங்கு செய்தவனை நினைத்து வேகும் நெஞ்சுக்கு வேறு எதை நினைக்கவும் இடம் இராது. ஆழ்வானுக்குப் பாடவும் தொழவும் சிந்திக்கவும் நெஞ்சு முழுவதும் காலியாய் இருந்தது. கண்ணில்லாத அவர் துயரத்தில் வாழ்ந்தார் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. கைசிக மாஹாத்மியத்துக்கு வியாக்கியானம் அருளிய பராசர பட்டர் இந்த ஆழ்வானுடைய திருக்குமாரரே. நம்பாடுவானுடைய நடையை விளங்கிக்கொள்ள அவர் வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை.

இவ்விடத்தில் நம் சமூகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் போனால், தனி மனிதனை மாத்திரம் குற்றம் சொன்னதாய் முடியும். திருக்குறுங்குடியில் கொடிமரம் சற்று விலகி நிற்பதை இன்றும் சேவிக்கலாம். வெளியே நின்று பாடியவனுக்குத் தம்மைக் காட்டிக்கொடுக்கப் பெருமானே அதனை விலகச் செய்தார் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. கொடிமரம் விலகிற்று, நாம் விலகவில்லை. நம்பாடுவானுடைய பெருமையை ஆண்டுதோறும் வாசித்துக் கண்ணீர் உகுத்த நாமே, அவன் குலத்தாரை நூற்றாண்டுக் கணக்கில் வாயிலில் நிறுத்தினோம். சென்னை மாகாணத்தில் 1939-இலும் 1947-இலும் ஆலயப் பிரவேசச் சட்டங்கள் வர வேண்டியிருந்தது. வாயால் வாசித்ததும் கையால் செய்ததும் வேறாய் இருந்த ஒரு சமூகம், ஆர்ஜவம் இல்லாத சமூகமே. அந்நாட்களில் நம் கோயில்களில் இன்பம் நிறைந்திருந்தது என்று சொல்லும்போது, யாருடைய இன்பம் என்று ஒரு முறை கேட்டுக்கொள்வது நலம்.

மீண்டும் காட்டுக்கு வருவோம். நம்பாடுவான் திரும்பி வந்து நின்றான். "இதோ வந்துவிட்டேன், உன் பசியைத் தீர்த்துக்கொள்" என்றான். ராக்ஷஸனுக்கோ பசி போய்விட்டது. அவனுக்கு இப்போது வேண்டியது வேறு. "நீ பாடிய பாட்டின் பலனைக் கொடு" என்று கெஞ்சத் தொடங்கினான். நம்பாடுவான் மறுத்தான், உடலைத்தான் தருவதாய்ச் சொன்னேன், பாட்டை அன்று என்றான். முழு இரவின் பலன் என்று தொடங்கிய கெஞ்சல் கடைசியில் ஒரே ஒரு பண்ணின் பலன் என்று சுருங்கிற்று. அப்போதுதான் அவன் யார் என்பது தெரிய வருகிறது. முற்பிறவியில் அவன் சோமசர்மா என்னும் அந்தணன். மந்திரமும் கிரியையும் பிழைபட வேள்வி செய்து, அது முடிவதற்கு முன்னே இறந்தவன். வாய் ஒன்று சொல்ல, மனம் வேறெங்கோ இருக்கச் செய்த கருமம் அவனை இந்தப் பசியில் கொண்டு வந்து விட்டது. எத்தனை பேரைத் தின்றும் ஆறாத பசி அது.

சொன்ன சொல்லும் நடந்த நடையும் ஒன்றாயிருந்த ஒருவனைத் தன் வாழ்நாளில் முதல் முறையாக எதிரே கண்ட அந்தக் கணத்தில் ராக்ஷஸனுடைய பசி அடங்கிற்று என்று அடியேன் கொள்கிறேன். புராணம் அப்படி விரித்துச் சொல்லவில்லை. இது என் எண்ணம். நம்பாடுவான் மனமிரங்கிக் கைசிகம் என்னும் பண்ணில் பாடியதன் பலனைக் கொடுத்தான். ராக்ஷஸ உடல் நீங்கிற்று.

அடியேன் ஓய்வு பெறுவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், ஒரு நடுப்பகலில் சோற்றுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கோப்பு அறையிலிருந்து வெளியே வந்து மற்றவர்கள் உண்ணும் இடத்தில் போய் அமர்ந்தேன். பேச்சு நின்றது. எனக்குப் பயணப்படி எழுதக் கற்றுத் தந்தவர் அப்போது ஓய்வு பெற்றுப் போயிருந்தார், இளையவர்களே மிகுதி. சற்றுப் பொறுத்து அவர்களுள் ஒருவர், "சார், கொஞ்சம் ஊறுகாய் போட்டுக்கொள்ளுங்கள்" என்று ஏனத்தை நகர்த்தினார். வாங்கிக்கொண்டேன். அவருடைய பட்டியல்கள் எப்படி இருந்தன என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. அந்தக் குத்துவிளக்கு இன்னும் வீட்டில் இருக்கிறது; கைசிக ஏகாதசி இரவில் அதைத்தான் ஏற்றுகிறோம்.

நம்பாடுவானை அன்றே திருநாட்டுக்கு அழைத்துக்கொண்டதாகப் பெரியோர் சொல்வதில்லை. அதன் பின்னும் நெடுங்காலம் பெருமானைப் பாடியிருந்தே பேறு பெற்றான் என்பர். அப்படியானால் மறுநாள் இரவும் அவன் எழுந்திருப்பான். வீணையைத் தோளில் இட்டிருப்பான். சுற்று வழி தேடாமல் அதே காட்டு வழியே நடந்திருப்பான்.